சுயவிபரக்கோவையில் எங்கள் அப்பாவின் பெயர் எதற்கு?

விஜேராம சந்திக்குப் பக்கத்தில் நாங்கள் வழக்கமாகப் போகும் ஒரு கொமினிகேஷன் இருக்கிறது. போட்டோகொப்பி, ரீலோட், பைண்டிங், சீவி டைப்பிங் எல்லாம் அங்கேதான். அந்தக் கடைக் கம்ப்யூட்டரில் ஒரு பழைய பைல் கிடக்கிறது. யார் போய் "சீவி ஒன்று அடிக்கணும்" என்றாலும் அதைத்தான் திறப்பார்கள். முன்னைய ஆளின் பெயரை அழித்துவிட்டு எங்கள் பெயரைப் போடுவார்கள். முழுப்பெயர், முதலெழுத்துகளுடன் பெயர், நிரந்தர விலாசம், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், பால், சிவில் நிலை, சமயம், இனம், அப்பாவின் பெயர். அதற்குப் பிறகு பாடசாலை. சாதாரண தரத்தில் ஒன்பது பாடங்களுக்கும் கிடைத்த பெறுபேறு. உயர்தரம், சுட்டெண்ணோடு. கடைசியில் "பொழுதுபோக்கு: வாசிப்பு, கிரிக்கெட்". பிறகு உறவினர் அல்லாத இரண்டு பேரின் பெயர். "மேற்கூறிய யாவும் உண்மையென உறுதியளிக்கிறேன்" என்று ஒரு வரி, கையெழுத்து. முடிந்தது.

இந்த வருஷம் எங்களுக்கு பயிற்சிக்காலம். எங்காவது மூன்று மாதம் வேலை செய்து, ஒரு கடிதம் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். நுகேகொடையில் ஒரே போர்டிங்கில் இருக்கும் நாங்கள் நாலு பேரும், அந்த பைலிலிருந்து பிறந்த நாலு சீவிகளை இரண்டு மாதமாக அனுப்பினோம். மொத்தம் 61. பதில் வந்தது ஒன்பது. நேர்முகத்துக்குக் கூப்பிட்டது நாலு இடம். அப்போதுதான் ஒரு இரவு உட்கார்ந்து அந்தக் காகிதத்தை முதல் தடவையாக ஒழுங்காக வாசித்துப் பார்த்தோம். இரண்டு பக்கம். அதில் நாங்கள் யாருடைய பிள்ளை, எங்கே பிறந்தோம், எந்தக் கடவுளைக் கும்பிடுகிறோம் என்று எல்லாம் இருந்தது. எங்களுக்கு என்ன செய்யத் தெரியும் என்பது மட்டும் இல்லை.

இந்தக் கட்டுரை அந்த இரவிலிருந்து வந்தது. வேலை தருகிறவர்கள் ஒரு சீவியில் எதைப் பார்க்கிறார்கள்? எதைப் பார்க்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது? இரண்டும் வேறு வேறு கேள்விகள். "சீவி எழுதுவது எப்படி" என்று சொல்லித்தருகிறவர்கள் முதலாவதைப் பற்றி மட்டும்தான் பேசுகிறார்கள்.

முதலாவதையே முதலில் பார்ப்போம்.

அமெரிக்காவில் லேடர்ஸ் என்ற வேலைவாய்ப்பு நிறுவனம் 2012இல் ஒரு சோதனை செய்தது. ஆட்சேர்ப்பு செய்பவர்களின் கண் காகிதத்தில் எங்கே போகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கருவி வைத்துப் பார்த்தார்கள். முதல் பார்வைக்கு ஒரு சீவிக்குக் கிடைத்தது சராசரியாக சுமார் ஆறு செக்கன். 2018இல் திரும்பச் செய்தபோது 7.4 செக்கன். அதற்குள் கண் போன இடங்கள்: பெயர், இப்போது செய்யும் வேலை, அதற்கு முந்திய வேலை, தொடங்கிய, முடித்த திகதிகள், படிப்பு. அவ்வளவுதான். இது ஒரு தனியார் நிறுவனம் செய்த சிறிய சோதனை, வேத வாக்கு இல்லை. ஆனாலும் நூற்றுக்கணக்கான விண்ணப்பம் வந்து குவியும் மேசையில் என்ன நடக்கும் என்று யோசித்தால் நம்பக்கூடியதுதான். முதல் சுற்றில் அவர்கள் ஆளைத் தெரிவு செய்வதில்லை. கழிக்கிறார்கள்.

அப்படியென்றால் எங்கள் கொமினிகேஷன் சீவிக்கு என்ன நடக்கும்? அந்த ஏழு செக்கனும் முழுப்பெயரிலும் விலாசத்திலும் சமயத்திலும் சிவில் நிலையிலும் கரைந்துபோகும். முதல் பக்கத்தின் மேற்பாதி முழுக்க அதுதானே. இரண்டாம் பக்கத்தில் ஒளிந்திருக்கும் நல்ல விஷயத்துக்குக் கண் போகவே போகாது.

பெரிய கொம்பனிகளில் மனிதக் கண்ணுக்கு முன்னால் ஒரு மென்பொருளும் நிற்கிறது. ஏ.டி.எஸ். என்று சொல்வார்கள். விண்ணப்பங்களை வாங்கி, சொற்களைப் பிரித்தெடுத்து, விளம்பரத்தில் கேட்ட தகைமையோடு ஒப்பிட்டு அடுக்கி வைக்கும். கன்வாவில் நாங்கள் ஆசைஆசையாகச் செய்த இரண்டு நிரல், கலர் பெட்டி, தகைமைக்கு ஐந்து நட்சத்திரத்தில் நாலு என்பதெல்லாம் அதற்குச் சில நேரம் விளங்காது. நேரான, ஒரே நிரலான, எழுத்து மட்டும் உள்ள பக்கம்தான் பாதுகாப்பு. "இயந்திரம் என்றால் பாரபட்சம் இல்லைதானே" என்று நினைக்கவும் வேண்டாம். அமேசன் 2014இலிருந்து சீவிகளுக்குப் புள்ளி போடும் ஒரு மென்பொருளை உருவாக்கிப் பார்த்தது. முந்திய பத்து வருஷ விண்ணப்பங்களைக் கொடுத்துப் பழக்கினார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. அதனால் அது ஆண்களையே நல்ல விண்ணப்பதாரிகள் என்று கற்றுக்கொண்டது. "பெண்கள்" என்ற சொல் வந்தாலே, உதாரணமாக பெண்கள் செஸ் அணித் தலைவி என்று இருந்தாலே, புள்ளியைக் குறைத்தது. அந்தத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டார்கள் என்று 2018இல் ரொய்ட்டர்ஸ் எழுதியது. பழைய முடிவுகளில் இருந்த ஓரவஞ்சனையை மெஷின் அப்படியே பாடமாக்கியிருந்தது.

இங்கேதான் இரண்டாவது கேள்வி வருகிறது.

பெயர் ஒன்றை மட்டும் மாற்றி, மற்ற எல்லாத் தகைமையும் சமமாக வைத்து விண்ணப்பம் அனுப்பிப் பார்க்கும் ஆய்வுகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. அமெரிக்காவில் பெர்ட்ரண்டும் முல்லைநாதனும் பொஸ்டன், சிக்காகோ நகரங்களில் ஏறக்குறைய 5,000 சீவிகளை அனுப்பினார்கள். 2004இல் வந்த அந்த ஆய்வில், வெள்ளையர் பெயர்போல ஒலித்த பெயர்களுக்குக் கறுப்பினத்தவர் பெயர்களைவிட சுமார் 50 வீதம் அதிகமாக அழைப்பு வந்தது. இன்னும் கிட்டத்தில் பார்ப்போம். இந்தியாவில் சுகதேவ் தோரட், போல் அட்டிவெல் இருவரும் ஆங்கிலப் பத்திரிகைகளில் வந்த 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். 2007இல் எக்கனமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லியில் வந்த அந்த ஆய்வின்படி, சமமான தகைமையோடு உயர்சாதி இந்துப் பெயருக்கு இருந்த வாய்ப்பை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. அவர்கள் சாதியையோ சமயத்தையோ எங்கேயும் எழுதவில்லை. பெயரே போதுமாக இருந்தது.

நாங்களோ பெயரோடு நிற்பதில்லை. சமயத்தைத் தனிவரியில், தடித்த எழுத்தில் போட்டுக் கொடுக்கிறோம்.

அடையாள அட்டை இலக்கத்தை எடுங்கள். 2016இலிருந்து 12 இலக்கம். முதல் நாலும் பிறந்த வருஷம். அடுத்த மூன்றும் அந்த வருஷத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 2003612 என்று ஒரு இலக்கம் தொடங்கினால் அது 2003 ஏப்ரல் 21இல் பிறந்த ஒரு பெண். ஆக, வயதையும் பாலையும் நீங்கள் அழித்தாலும் அந்த ஒரு வரி சொல்லிவிடும். வேலைக்கு எடுத்த பிறகு ஈபிஎஃப் பதிய அது தேவைதான். விண்ணப்பத்திலேயே எதற்கு?

எங்களில் ஒருத்தன் ஹட்டன் பக்கம். நிரந்தர விலாசத்தில் தோட்டத்தின் பெயர், டிவிஷன் பெயர் இரண்டும் வரும். நேர்முகத்தில் முதல் கேள்வியே, "நீங்க எஸ்டேட்டா?" அதற்கு அடுத்தது, "அப்பா அம்மா கொழுந்து பறிக்கிறாங்களா?" கேட்டவர் கெட்ட எண்ணத்தோடு கேட்டாரா தெரியாது. நல்லெண்ணத்தோடும் கேட்டிருக்கலாம். ஆனால் அவன் சமூகவியலில் எழுதிய ஆய்வைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. அவன் திரும்பி வந்து, 138இல் இருந்து இறங்கும்போதே சொன்னான்: "மச்சான், இனி நான் போர்டிங் அட்ரஸ்தான் போடப்போறேன்." மற்றவள் ஒருத்தியிடம், "கல்யாணம் எப்ப பிளான்?" என்று கேட்டார்கள். மூன்று மாதப் பயிற்சிக்கு!

சட்டம் என்ன சொல்கிறது? எங்கள் அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், பிறந்த இடம் என்பவற்றால் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. ஆனால் அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போக, அது அரசின் நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயலாக இருக்க வேண்டும். தனியார் கொம்பனி ஒன்று உங்கள் பெயரைப் பார்த்துவிட்டு சீவியைக் குப்பையில் போட்டால் அந்தக் கதவு திறக்காது. வேலையில் பாகுபாட்டுக்கு எதிரான ஐ.எல்.ஓ.வின் 111ஆம் சமவாயத்தை இலங்கை 1998இல் ஏற்றுக்கொண்டது. அப்படியிருந்தும் "ஆண்கள் மட்டும்", "30 வயதுக்குட்பட்ட பெண்கள்" என்ற விளம்பரங்களை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நாங்கள் பார்க்கிறோம்தானே. 2022இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இனத்தையும் சமயத்தையும் விசேட கவனம் தேவைப்படும் தரவாக வகுக்கிறது. நோக்கத்துக்குத் தேவையான அளவு தரவை மட்டும்தான் வாங்கலாம் என்பது அதன் அடிப்படை. அது முழுமையாக நடைமுறைக்கு வருவதோ தள்ளித் தள்ளிப் போகிறது.

இந்த நாட்டில் வேலை என்பது எப்போதுமே தகைமைக் கதை மட்டும் இல்லை. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்த பிறகு, ஆகப் பெரிய தொழில் வழங்குநரான அரசாங்கம் பார்த்த முதல் தகைமை சிங்களத் தேர்ச்சி. செல்லையா கோடீஸ்வரன் என்ற எழுதுவினைஞர் அந்தப் பரீட்சைக்குப் போகவில்லை. அவருடைய சம்பள உயர்வை நிறுத்தினார்கள். வழக்குப் போட்டார். அது லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போய் 1969இல் தீர்ப்பு வந்தது. சம்பளத்துக்காக அரச ஊழியர் வழக்குப் போடலாம் என்று சொன்னார்கள். மொழிச் சட்டம் செல்லுமா என்ற பெரிய கேள்விக்கோ கடைசிவரை பதில் வரவில்லை.

இதைத் தமிழர் கதையாக மட்டும் பார்க்கவும் கூடாது. 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் இறங்கியவர்கள் பெரும்பாலும் படித்த, வேலையில்லாத சிங்கள இளைஞர்கள். அதே வருஷம் டட்லி சியர்ஸ் தலைமையில் வந்த ஐ.எல்.ஓ. குழுவின் அறிக்கை, படிப்பு வளர்த்துவிட்ட எதிர்பார்ப்புக்கும் இருக்கிற வேலைகளுக்கும் இடையிலான இடைவெளியைத்தான் பேசியது. இரண்டாவது கிளர்ச்சிக்குப் பிறகு, 1990இல் வந்த இளைஞர் ஆணைக்குழு அறிக்கை வேலை நியமனங்களில் அரசியல் செல்வாக்கு ஏற்படுத்திய கசப்பை எழுதியது. எம்.பி.யின் துண்டு இருந்தால் வேலை என்ற காலம் அது. ஆங்கிலத்தை சிங்கள மாணவர்கள் "கடுவ" என்பார்கள். வாள். தெரிந்தவர் கையில் ஆயுதம், தெரியாதவரை வெட்டும். கலைப்பீடத்தில் எங்களோடு படிக்கும் மொனராகலைப் பெடியனுக்கும் அந்த வாள் படுகிறது. அதே சீவியை, அதே ஆங்கிலப் பிழைகளோடு, அதே கடையில்தான் அவனும் அடிக்கிறான்.

கலைப் பட்டதாரிகளின் நிலையைப் பற்றிப் புதிதாக ஒன்றும் சொல்லத் தேவையில்லை. பட்டதாரிகள் கோட்டையில் ஊர்வலம் போவதும், தேர்தல் கிட்டினால் நியமனம் வருவதும் எங்கள் அண்ணா அக்காமார் கண்ட வாழ்க்கை. 2020இல் சுமார் 50,000 பட்டதாரிகளை 20,000 ரூபா கொடுப்பனவோடு பயிலுனர்களாக எடுத்தார்கள். அங்கே சீவியை யாரும் வாசிக்கவில்லை. பட்டம் கிடைத்த திகதிதான் கணக்கு. அதனால்தானோ என்னவோ, எங்களில் பலருக்கு "எனக்கு என்ன தெரியும்" என்று எழுதும் பழக்கமே வரவில்லை. வரிசையில் நிற்கப் பழகியிருக்கிறோம்.

எங்கள் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நேர்மை இல்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் செட்டியார் தெருவிலும் தமிழ் முதலாளிமார் ஆள் எடுப்பது எப்படி? "எந்த ஊர்? எந்தப் பள்ளிக்கூடம்? யாருடைய பிள்ளை?" இந்த மூன்றிலேயே அவர்களுக்கு வேண்டியது எல்லாம் தெரிந்துவிடும், சாதி உட்பட. அதற்கு சீவியே தேவையில்லை. கடல் கடந்து போனாலும் இதே கேள்விதான். கொம்பனிக்காரர் எங்கள் பெயரைப் பார்த்து ஒதுக்கினால் இனவாதம், எங்கள் ஆட்கள் ஊரைப் பார்த்து ஒதுக்கினால் "நம்பிக்கையான ஆள் வேணும்தானே" என்பதை நாங்கள் ஏற்கவில்லை.

சரி, அந்த இரவு நாங்கள் என்ன செய்தோம்?

சமயம், இனம், சிவில் நிலை, அப்பாவின் பெயர், அடையாள அட்டை இலக்கம், படம் எல்லாவற்றையும் எடுத்தோம். விலாசத்துக்குப் பதிலாக "நுகேகொடை" என்று மட்டும். தொலைபேசி, மின்னஞ்சல். சாதாரண தரத்தின் ஒன்பது பாடமும் போயின; எந்த விஞ்ஞானப் பாடத்தில் சி என்பதை இனி யாருக்கு சொல்ல வேண்டும்? அரைப் பக்கம் காலியாகிவிட்டது. அந்த வெற்றிடத்தைப் பார்க்க முதலில் பயமாகத்தான் இருந்தது.

பிறகு ஒவ்வொருவரையும் மற்ற மூன்று பேரும் விசாரித்தோம். "நீ போன வருஷம் என்ன செய்தாய்?" ஹட்டன்காரன், "ஒன்றும் செய்யல்லடா, அசைன்மென்ட்தான்" என்றான். தோண்டினோம். தோட்டப் பாடசாலையிலிருந்து இடைவிலகியவர்கள் பற்றிய ஆய்வுக்கு 18 பேரைப் பேட்டி கண்டிருக்கிறான். தமிழில் பதிவு செய்து, எழுத்தாக்கி, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, 40 பக்கம் எழுதியிருக்கிறான். அவனுடைய பழைய சீவியில் இருந்தது: "மொழித்தேர்ச்சி: தமிழ், சிங்களம், ஆங்கிலம் – நன்று". புதியதில்: "18 நேர்காணல்களைத் தமிழில் நடத்தி, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, 40 பக்க ஆய்வறிக்கை தயாரித்தேன்." ஆள் ஒன்றுதான், உண்மையும் ஒன்றுதான். இரண்டாவதை வாசிப்பவருக்கு அவனிடம் என்ன வேலை கொடுக்கலாம் என்று விளங்கும்.

மற்றவள் பீடத் தமிழ் விழாவுக்குப் பொருளாளர். "அதெல்லாம் சீவியில் போடுற விஷயமா?" என்றாள். அனுசரணைக் கடிதம் எழுதி, காசு சேர்த்து, கணக்கு முடித்து ஒப்படைத்திருக்கிறாள். போடுகிற விஷயம்தான். சின்ன வயதிலிருந்து அம்மாவை ஆஸ்பத்திரிக்கும் பொலிசுக்கும் பிரதேச செயலகத்துக்கும் கூட்டிப்போய் சிங்களத்தில் பேசிக்கொடுத்த ஒருத்தனும் எங்களில் இருக்கிறான். அவன் செய்தது உரைபெயர்ப்பு. அதை எந்தத் தலைப்பின் கீழே எழுதுவது என்று இன்னும் எங்களுக்குத் தெரியவில்லை. ஆனால் கடமை வேளையில் தமிழ் தெரிந்த ஒருவர் இல்லாமல் எத்தனை அலுவலகம் திண்டாடுகிறது என்பது தெரியும்.

கலைப்பீடத்துக்காரருக்கு ஒன்றும் தெரியாது என்பது வேலை தருகிறவர் மட்டும் சொல்லும் பொய் இல்லை. நாங்களும் நம்பிவிட்ட பொய். எண்ணிக்கை, காலம், முடிவு என்ற மூன்றும் ஒரு வரியில் இருந்தால் அந்தப் பொய் கொஞ்சம் உடைகிறது. இதற்கு ஒரு எல்லையும் உண்டு. செய்யாததை எழுத வேண்டாம். பேசமுடியாத சிங்களத்தை "மிக நன்று" என்று போட்டால் நேர்முகத்தின் முதல் நிமிஷத்தில் அகப்படுவோம்.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை. பெயர். எங்களில் ஒருத்தி தன் நீண்ட பெயரைச் சுருக்கி, எந்த இனம் என்று கண்டுபிடிக்க முடியாதபடி போட்டாள். "முதல்ல உள்ளே போவோம், பிறகு கொள்கை பேசுவோம்" என்பது அவள் வாதம். மற்றவன் மறுத்தான். "பெயரைப் பார்த்து கழிக்கிற இடத்தில் உள்ளே போய் என்ன செய்யப்போறோம்?" என்றான். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. வீட்டுக்குக் காசு அனுப்ப வேண்டியவளிடம் கொள்கை பேச எங்களுக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒன்றில் நாலு பேரும் ஒன்று. இந்தத் தெரிவை எங்கள் தலையில் கட்டியது யார்? வாசிக்கிறவரின் பழக்கத்துக்காக எழுதுகிறவர் தன் பெயரை வெட்டிக்கொள்ள வேண்டுமா?

அதனால் ஆட்சேர்ப்பு செய்யும் அண்ணா அக்காமாருக்கு: முதல் சுற்றில் உங்களுக்கு சமயமும் சிவில் நிலையும் அப்பாவின் தொழிலும் தேவையில்லை. விண்ணப்பப் படிவத்திலிருந்து அந்தப் பெட்டிகளை எடுத்துவிடுங்கள். ஒரு சட்டத்துக்கும் காத்திருக்கத் தேவையில்லை, செலவும் இல்லை. முடிந்தால் பெயரை மறைத்து முதல் பட்டியலைப் போட்டுப் பாருங்கள். பெயரோடு போட்ட பட்டியலுக்கும் அதற்கும் வித்தியாசம் வந்தால், உங்களைப் பற்றி உங்களுக்கே ஒன்று தெரியவரும்.

பல்கலைக்கழகத்துக்கு: இறுதி வருஷத்தில் ஒரு மணித்தியால செமினார் வைத்து, டை கட்டுவது எப்படி என்று சொல்லித்தந்தது போதும். முதலாம் ஆண்டிலேயே செய்தவற்றைக் குறித்துவைக்கப் பழக்குங்கள்.

எங்களைப் போன்றவர்களுக்கு: இன்றைக்கே உங்கள் சீவியை எடுத்து வாசியுங்கள். தனியாக வாசித்தால் ஒன்றும் தோன்றாது. நண்பரிடம் கொடுத்து, "இதில் நான் என்ன செய்தேன் என்று எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள்.

புதிய சீவியோடு 14 இடத்துக்கு அனுப்பியிருக்கிறோம். ஐந்து பதில் வந்திருக்கிறது. இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, காலமும் இடங்களும் வேறு. ஹட்டன்காரனுக்கு அடுத்த திங்கள் ஒரு நேர்முகம். அந்த 18 நேர்காணல்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று மின்னஞ்சலில் எழுதியிருந்தார்கள். கொமினிகேஷன் அண்ணாவிடமும் எங்கள் பைலைக் கொடுத்துவிட்டு வந்தோம். "சமயம் இல்லாமலா?" என்று சந்தேகமாகப் பார்த்தார். பிறகு டெஸ்க்டொப்பில் சேமித்துக்கொண்டார். பழைய பைலுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. அடுத்து போகிறவர் எதைத் திறக்கச் சொல்லிக் கேட்கிறார் என்று பார்ப்போம்.